பன்னிரண்டு லைன்

நான்காம் ஞாயிறு. பொகவந்தலாவ.
கோவில் கமிட்டி இரவல் தந்த மண்டபம்,
மூலையில் போன திருவிழாவின் சீரியல் பல்புகள்.
பேச்சு ஆங்கிலம் என்றுதான் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்,
மூன்று மாதம், சான்றிதழ் உண்டு.
அன்றைக்கு நான் கொண்டு போனது ஒரு கவிதை.
எழுதியவர் பெயரைக் கத்தரித்துவிட்டு
நகலெடுத்த பதினோரு தாள்.

"இத எந்த எடத்துல மிஸ் பேசுறது?"
ஓட்டோ தவசீலன் கேட்டார்.
ஹட்டன் ஸ்டேசனில் வெள்ளைக்காரரை ஏற்றி
நல்லதண்ணி வரை கொண்டுபோகிறவர்,
என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர்.
அவருக்கு வேண்டியது பேரம்.
கவிதைக்கு ரேட் கிடையாது.

குவைத்துக்குத் திரும்பக் காத்திருக்கும் மரியசெல்வி
ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழ் எழுதினார்.
கார்டன்: தோட்டம்.
கவிதையில் ஒருத்தி தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள்,
பின்னேரம், மடியில் கை, ஒன்றும் செய்யாமல்.
ஏன் அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்
என்று பயிற்சிக் கல்லூரிக் குரலில் கேட்டேன்.
"போயா லீவா இருக்கும்."
"சம்பளம் போட்டிருப்பாங்க."
"கங்காணி இன்னும் வரல போல," என்றது பின்வாங்கு.
மண்டபமே சிரித்தது. நானும்.
பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது:
ஹட்டன் கடைத்தெருவில் புடவைக் கடைக்கு மேலே வளர்ந்தவள்,
எங்கள் வீட்டில் கார்டன் என்றால்
நாலு பால்மா டின்னில் ரோஜா.

மழை பிடித்துக்கொண்டது.
தகரத்தில் மழை விழும்போது சந்தம் சொல்லிக்கொடுக்க முடியாது.
மேசையில் தட்டிக் காட்டினேன்.
யாருக்கும் கேட்கவில்லை, என் விரலைப் பார்த்தார்கள்.
"இந்தக் கவிதையில் எத்தனை லைன்?"
தொண்டை கிழியக் கத்தினேன்.
"எங்க தோட்டத்துல ஏழு மிஸ்," என்றார் யோகராணி,
பிள்ளைக் காம்பராவில் வேலை பார்ப்பவர்.
"இதுல பன்னெண்டு இருக்கு. பெரிய தோட்டந்தான்."

அதற்குப் பிறகு பாடம் என் கையில் இல்லை.
மேட்டு லைன், பணிய லைன், நெருப்புப் புடிச்ச லைன் என்று
கவிதைக்குள் படி படியாக இறங்கிப் போனார்கள்.
அஞ்சாவது லைனில் ஒரு காம்பரா காலி
என்று தவசீலன் கண்டுபிடித்தார்.
ஆமாம், அங்கே ஒரு சொல் குறைகிறது.
எத்தனை தரம் படித்திருப்பேன், பட்டதே இல்லை.
நாலு நாலு லைனாகப் பிரித்ததற்கு ஸ்டான்சா என்று பெயர்,
ஏதோ ஒரு நாட்டில் அதற்கு அறை என்று அர்த்தம் என்றேன்.
மரியசெல்வி பென்சிலை நிறுத்தினார்.
"காம்பராக்குள்ள லைனா?
தலகீழா கட்டி வச்சிருக்காங்களே."

வீட்டுப்பாடம்: சொந்தமாக ஒரே ஒரு லைன்.

அடுத்த ஞாயிறு ஏழு பேர்தான்.
யோகராணியின் தாளில் ஆங்கிலத்தில் இவ்வளவே:
என் லைனில் பத்துக் காம்பரா,
ஒவ்வொரு காம்பராவிலும் ஈரத்துணி ஒரு லைன்.
வினைச்சொல்லே இல்லை. சிவப்புப் பேனா என் கையில்.
முதலில் ஓர் ஆர், பிறகு ஓர் இஸ்,
இரண்டையும் செருகிக் கொடுத்தேன்.
உதடு அசைய இரண்டு தரம் வாசித்தார்.
"சரியாத்தான் இருக்கு மிஸ்.
ஆனா இதப் போட்டதும் துணி காஞ்சிருச்சி."

அன்று நோர்வூட் வரை தவசீலனின் ஓட்டோ.
வழியெல்லாம் பேசவே இல்லை.
பாலம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.
"மிஸ், அந்தப் பொம்பள,
தோட்டத்துல ஒக்காந்திருந்தாளே,
எந்திரிச்சிப் போகச் சொல்லி யாரும் வரலயா,
கடைசி வரைக்கும்?"
வரவில்லை என்றேன்.
"ம்," என்று கியரை மாற்றினார்.
இறங்கும்போது அறுநூறு கேட்டு வாங்கினார்,
ஆங்கிலத்தில்,
ஒரு பிழை இல்லாமல்.